மூட்டுத் தேய்மானத்தில் உராய்வு ஏன் கூடுகிறது? முட்டியில் எண்ணெய் வற்றிவிடுகிறதா?

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பம்பு, பேரிங் பராமரிக்கிற வேலை, உராய்வுதான் எனக்குச் சோறு போடுகிறது. இங்கே சாட்ஸ்வொர்த் மேட்டில் படி ஏறி இறங்கும் ஆயாக்களிடம் கேட்டால் "முட்டியில எண்ணெய் வத்திப்போச்சு" என்பார்கள், எங்கள் ஆயாவும் அதேதான். நீங்களும் அதையே கேட்பதால் சொல்கிறேன்: பல முட்டிகளில் வற்றுவதே இல்லை. நீர் கோத்து வீங்கி, திரவம் முன்னைவிட அதிகமாகவே இருக்கும். கெட்டுப்போவது அதன் தரம், அதைவிட முக்கியமாக எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழுவழுப்பான குருத்தெலும்பு.

நல்ல மூட்டின் உராய்வுக் கெழு (சறுக்க எவ்வளவு தடை என்று காட்டும் எண், குறைந்தால் வழுக்கல்) 0.001 முதல் 0.02 வரை இருக்கும். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற டெஃப்லானுக்கே சுமார் 0.04. காரணம் மேலே பூசிய எண்ணெய் மட்டும் இல்லை. குருத்தெலும்பில் 65 முதல் 80 சதவீதம் தண்ணீர். அக்ரிகன் என்ற பெரிய மூலக்கூறுகள் அந்தத் தண்ணீரை இழுத்துப் பிடித்திருக்கும், கொலாஜன் வலை அவற்றை வீங்கிப் பரவாமல் கட்டி வைத்திருக்கும். காலை ஊன்றியதும் தண்ணீர் வெளியே ஓடப் பார்க்கும், ஆனால் துளைகள் நானோமீட்டர் அளவில் இருப்பதால் சட்டென்று போக வழியில்லை, உள்ளேயே அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் சுமையில் 90 சதவீதத்துக்கு மேல் தாங்குவது தண்ணீர்தான். திடப்பொருள் திடப்பொருளோடு உரசுவது மீதிச் சுமைக்கு மட்டும். அந்த மீதியையும் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் லூப்ரிசின் என்ற புரதமும், மூட்டுத் திரவத்தைக் கொழகொழப்பாக்கும் ஹயலுரோனிக் அமிலமும் வழுக்கலாக்கிவிடும்.

தேய்மானம் வந்தால் அக்ரிகன் குறைகிறது, மேற்பரப்பு நார் நாராகப் பிரிகிறது, தண்ணீர் சுலபமாக வெளியேறுகிறது. உள்ளே தண்ணீரின் அழுத்தம் தங்காததால் சுமை திடப்பகுதி மேல் விழுந்து உராய்வு கூடுகிறது, கூடிய உராய்வு மேற்பரப்பை இன்னும் கிழிக்கிறது. திரவத்தில் ஹயலுரோனிக் அமிலமும் நீர்த்துப்போய், அதன் சங்கிலிகள் குட்டையாகிவிடும். லூப்ரிசின் எவ்வளவு முக்கியம் என்றால், அது பிறவியிலேயே சரியாக உருவாகாத ஓர் அரிய மரபு நோயில் சின்னக் குழந்தைகளுக்கே மூட்டு கெட்டுப்போகிறது.

இன்னொன்று, நல்ல குருத்தெலும்பையே ஒரே இடத்தில் விடாமல் அழுத்தி வைத்தால் தண்ணீர் கசிந்து, நேரம் போகப்போக உராய்வு பத்து மடங்குக்கு மேல் ஏறும். அசைவு கிடைத்தால் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறுகிறது. அதனால் "நடந்தால் தேயும், உட்கார்" என்று ஆயாவிடம் சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டைதான்.

அப்புறம், வலியை உராய்வோடு முடிச்சுப் போடாதீர்கள். குருத்தெலும்பில் நரம்பே கிடையாது. வலி அடியிலுள்ள எலும்பு, மூட்டுச் சவ்வு போன்ற இடங்களிலிருந்து வருகிறது. முட்டியில் கேட்கும் "கடகட" சத்தமும் தேய்மானத்தின் அளவுகோல் இல்லை. முட்டிக்குள் போடும் ஹயலுரோனிக் ஜெல் ஊசியைப் பற்றிக் கேட்பீர்கள்: பெரிய ஆய்வுத் தொகுப்புகளில் பலன் கொஞ்சம்தான் தெரிகிறது. குருத்தெலும்பே தண்ணீரைப் பிடிக்க முடியாமல் இருக்கும்போது மேலே ஊற்றி என்ன ஆகும்? எடை கூடுதலாக இருப்பவர் 1 கிலோ குறைத்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்குச் சுமார் 4 கிலோ சுமை குறையும். காசு செலவழிக்கும் முன் அதைப் பாருங்கள்.