ஜாலான் அம்பாஸ் வாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2023-இல் ஹாங்காங்கில் நடந்த ஆசியத் திரைப்பட விருது விழாவில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் ஆறு பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. சிறந்த படத்துக்கான விருதோ ‘டிரைவ் மை கார்’ என்ற ஜப்பானியப் படத்துக்குப் போயிற்று. அதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் நடுவர்கள்மீது ஐயம் எழுகிறது. ஆசியா என்னும்போது தமிழ் மட்டும் ஏன் வாசலிலேயே நிற்கிறது?

க., உட்லண்ட்ஸ்

அன்புள்ள க.,

பார்க்காத படத்தோடு என்ன வழக்கு உங்களுக்கு? நடுவர்களை விட்டுவிடுவோம். ‘வாசல்’ என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். சென்ற வாரம்தான் சிங்கப்பூரில் பாலஸ்டியர் சாலையை ஒட்டிய ஜாலான் அம்பாஸில், 8-ஆம் எண் வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன். ஷா சகோதரர்களின் மலாய்ப் படப்பிடிப்புக்கூடம் 1967 வரை இயங்கிய இடம் அது.

1954-இல் தோக்கியோவில் தொடங்கிய தென்கிழக்காசியத் திரைப்பட விழா மறு ஆண்டே சிங்கப்பூருக்கு வந்தது. பின்னர் ஆசியத் திரைப்பட விழா என்று பெயர் மாறிய அவ்விழாவில், 1957-இல், ‘அனாக்கு சசாலி’ என்ற மலாய்ப் படத்துக்காக மலாய்த் திரை நடிகர் பி. ரம்லி சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். ஜாலான் அம்பாஸில் உருவான அந்தப் படத்தை இயக்கியவர் வங்காளியான பணி மஜும்தார். முதல் போட்டவர்கள் சீனர்கள். அந்த ரம்லியை 1950-இல் ‘பக்தி’ படத்தில் முதன்முதலாகக் கதாநாயகனாக்கியவர் யார் என்று உங்களுக்குத் தெரியுமா? சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த இயக்குநர் எல். கிருஷ்ணன். வாசலைத் தாண்டி உள்ளே போய், அங்கே ஒரு மாபெரும் கலைஞனுக்கே வழி திறந்துவிட்டவர் அவர். எடுத்தது மலாய்ப் படம் என்பதற்காக அவரை நம் கணக்கில் எழுதாமல் விட்டது யார்? ஹாங்காங் நடுவர்களா? நாம்தான், க. இந்தத் தீவில் எத்தனை தமிழ் மேடைகளில் அமர்ந்திருக்கிறேன். ஒரு மேடையிலாவது கிருஷ்ணன் என்ற பெயரை நான் கேட்டதில்லை. உங்களைக் கடிந்துகொள்ளும் உரிமை எனக்கு உண்டென்றால், அது இந்த ஒன்றில்தான்.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சந்தை மலாய்க்கு மேல் அவருக்கு ஒரு சொல் தெரியாது. ஒரு நோன்புப் பெருநாளன்று தொலைக்காட்சியில் ‘அனாக்கு சசாலி’ ஓடியது. தகப்பனும் மகனும் ஒரே ரம்லிதான். வழிதவறிய மகனைத் தகப்பனே காவலரிடம் காட்டிக்கொடுக்கும் இடத்தில், அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைலியின் ஓரத்தால் துடைத்தார். துடைத்த பிறகும் மாட்டிக்கொள்ளாமல் மடியிலேயே வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் செய்திருந்த ஒரு திருட்டு அந்த வாரம்தான் அவருக்குத் தெரியவந்திருந்தது. அதைப் பற்றி அன்று அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.

உங்கள் வருத்தம் பொய்யென்று நான் சொல்லவில்லை. தாய்மொழிமீது அன்பில்லாதவருக்கு அந்த வருத்தம் வராது. ஆனால் ‘டிரைவ் மை கார்’ படத்தைப் பார்த்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அதில் ஒரு நாடகக் குழு ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் நாடகம் ஒன்றை மேடையேற்றுகிறது. ஒருவர் ஜப்பானிய மொழியிலும், இன்னொருவர் மாண்டரினிலும், பேச முடியாத ஒரு பெண் கொரியச் சைகைமொழியிலும் வசனம் சொல்ல, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலே அவர்கள் ஒரே மேடையில் அழுகிறார்கள். மூன்று மணி நேரப் படம். அவசரப்படாமல் பாருங்கள்.