நேற்றுவரை இப்படி இல்லை

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமியாருக்கு வயது 78. சில வருடங்களாக மறதி நோய். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் ஆனது. மறுநாள் இரவே ஆள் மாறிவிட்டார். டிரிப்ஸைப் பிடுங்குகிறார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும், விடுங்கடி" என்று கத்துகிறார். மாட்டை விற்றுப் பல வருடமாகிறது. கையைக் கட்டிவிட்டார்கள். நோய் முற்றிவிட்டது என்கிறார் கணவர். ஆபரேஷனே தப்பு என்கிறார் நாத்தனார். இனி இப்படியேதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஆபரேஷன் சரிதான். எலும்பை அப்படியே விட்டிருந்தால் வலியோடும் படுக்கைப் புண்ணோடும் கிடந்திருப்பார். உங்கள் கணவர் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மறதி நோய் ஒரே இரவில் இப்படி முற்றுவதில்லை. மருத்துவர்கள் டெலிரியம் என்று சொல்லும் திடீர்க் குழப்பமாகத்தான் இது பெரும்பாலும் இருக்கும். அதற்கென்று தனிக் காரணங்கள் உண்டு: வாய்விட்டுச் சொல்லத் தெரியாத வலி, மூத்திரம் அடைத்துக்கொள்வது, கிருமித் தொற்று, மலச்சிக்கல், ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைவது, புதிதாகக் கொடுத்த மாத்திரை. காரணத்தைப் பிடித்தால் பெரும்பாலும் தெளியும். வாரக்கணக்கில் இழுப்பதும் உண்டு, பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு.

ஷரன் இனூய் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் டெலிரியத்தைக் கண்டுபிடிக்க 1990-இல் வெளியிட்ட பரிசோதனை முறை இன்றும் பழக்கத்தில் இருக்கிறது. அதில் முதலில் பார்ப்பதே, இந்த மாற்றம் திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா என்பதைத்தான். ஷிஃப்டுக்கு ஷிஃப்டு மாறும் நர்ஸுக்கு அது எப்படித் தெரியும்? வயசானவர், மறதிக்காரர், அவ்வளவுதான் கேஸ் ஷீட்டில் இருக்கும். போன வாரம்வரை தானே சாப்பிட்டார், உங்கள் பெயரைச் சொன்னார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். ஒரு தாளில் எழுதி, ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கையில் கொடுங்கள். வழக்கமாகப் போடும் மாத்திரைகளையும் அதில் எழுதுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம், சிலவற்றால் குழப்பம் கூடும்.

கட்டினால் மூர்க்கம்தான் ஏறும். ஊசி போட்ட இடத்தைத் துணிக்கட்டால் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாமல் செய்ய முடியுமா, மூத்திரக் குழாயை எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். கண்ணாடி, பல்செட், காது மிஷின் இருந்தால் பையில் வைக்காமல் போட்டுவிடுங்கள். மாட்டைப் பற்றிக் கேட்டால் "தண்ணி காட்டியாச்சு அத்தை" என்றே சொல்லுங்கள், அதில் பாவம் ஒன்றுமில்லை. இரவில் தெரிந்த முகம் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த முறையை உங்கள் கணவரும் நாத்தனாரும் எடுத்துக்கொள்ளட்டும். தீர்ப்புச் சொல்பவர்கள் ஓர் இரவு ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பது நல்லது.

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். எனக்குப் பயம், அவர் திடீரென்று அடங்கும் நாளைப் பற்றித்தான். "பாட்டி இன்னைக்கு சமர்த்து" என்பார்கள். டெலிரியம் சத்தமில்லாமலும் வரும், அதைத்தான் எளிதில் தவறவிடுகிறார்கள். சாப்பாட்டு நேரத்திலும் தூங்கிக்கொண்டே இருந்தால், எழுப்பினால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடினால், அவர் தேறிவிட்டார் என்று வீட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.