பாடகருக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள்: புதிய குரல்கள் பற்றிக் கேள்வி பதில்

புதுக் குரல்களைத் தேடுகிறவர்கள், பிடித்த பாடகரைப் பற்றி யாரிடமாவது பேசத் துடிக்கிறவர்கள் என்று நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பதில்களில் என் ரசனையும் கலந்துதான் இருக்கும். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா, என் போனில் உள்ள செயலி நான் ஏற்கெனவே கேட்ட மாதிரிப் பாட்டுகளையே மறுபடி மறுபடி எடுத்துத் தருகிறது. நீங்கள் புதிய பாடகர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

ஒரு பாட்டு பிடித்துவிட்டால், பாடகருக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன். கிடார் யார், தாளம் யார், இசையமைத்தவர் யார், பாடகர் யாரிடம் கற்றார்? அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவேன். நீங்கள் கேட்டதற்கு நெருக்கமாக இருப்பதைத் தேடித் தருவதுதான் செயலியின் வேலை. மனிதர்களைப் பின்தொடர்ந்து போனால் ஒரே தாவலில் கண்டமே மாறிவிடும்.

ரை கூடர் என்ற அமெரிக்கக் கிடார் கலைஞரை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் அவர் நம் விஸ்வ மோகன் பட்டுடன் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார். பட் வாசிப்பது மோகன வீணை, அதாவது கிடாரை மாற்றியமைத்து இந்துஸ்தானி இசைக்கு ஏற்றதாக்கிய கருவி. அடுத்த ஆண்டே கூடர் மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக் கலைஞர் அலி ஃபார்கா தூரேயுடன் இன்னொரு ஆல்பம் செய்தார். தூரேயின் கிடாரைக் கேட்டால் அமெரிக்க ப்ளூஸுக்கும் நைஜர் ஆற்றங்கரை இசைக்கும் உள்ள உறவு தானாகக் காதில் விழும். 1996இல் கூடர் கியூபத் தலைநகர் ஹவானாவுக்குப் போனார். மாலியிலிருந்தும் இசைக்கலைஞர்கள் வந்து கியூபர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். அவர்களால் வர முடியாமல் போனது. அதனால் வயதான கியூபக் கலைஞர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தார்கள். அதுதான் 1997இல் வெளிவந்து உலகமெங்கும் பேர் வாங்கிய புவனா விஸ்டா சோஷியல் கிளப். அதில் பாடிய இப்ராஹிம் ஃபெரர் பாட்டையே விட்டுவிட்டு, காலணிக்குப் பாலிஷ் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தவர். எழுபது வயதில் உலக மேடைகளில் ஏறினார். கொம்பாய் செகுந்தோவுக்கு அப்போது தொண்ணூறு. ஓமாரா போர்துவோந்தோ அந்தக் குழுவின் பெண் குரல்.

இங்கே நின்றுவிடாதீர்கள். அலி ஃபார்கா தூரேயிடம் திரும்பிப் போனால், 2005இல் அவரோடு சேர்ந்து வாசித்த தூமானி ஜபாத்தே கிடைப்பார். அவருடைய கருவி கோரா, 21 தந்திகள் கொண்டது. அதே மாலியிலிருந்து ஊமூ சங்காரே என்ற அருமையான பாடகியும் கிடைப்பார். ஒரே ஒரு கிடார்காரரைப் பிடித்துக்கொண்டதற்கு இத்தனை பேர்.

கேள்வி: மொழி புரியாத பாட்டை எப்படி ரசிப்பது? எனக்கு வரிகள்தான் முக்கியம்.

வரிகள் முக்கியம்தான், அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் குரலை மட்டும் கேளுங்கள். பிடித்துப்போனால் மட்டும் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்துவிட்டு மறுபடி கேளுங்கள். மொழி தெரியாதவருக்கு நல்ல நுழைவாயில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாட்டு. நுஸ்ரத் ஃபதே அலி கான் ஒரு வரியை எடுத்து, அதையே பத்து விதமாகத் திருப்பிப் பாடி, கைத்தட்டலோடு கோரஸ் சேர்ந்துகொள்ள, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார். இடையில் சொற்களை விட்டுவிட்டு வெறும் ஸ்வரங்களில் பாயும்போது, உருது, பஞ்சாபி தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே நிலைக்கு வந்துவிடுகிறார்கள். அவர் 1997இல் 48 வயதிலேயே இறந்துபோனது பெரிய இழப்பு. அவரைக் கேட்ட கையோடு அபிதா பர்வீனையும் கேளுங்கள். சூஃபி பாடல்களை ஒரு பெண் குரல் எவ்வளவு கம்பீரமாக ஏந்த முடியும் என்பது தெரியும்.

ராப் மட்டும் இதற்கு விதிவிலக்கு. அதில் வரி புரியாவிட்டால் பாதி போய்விடும்.

கேள்வி: ஆபெரா கேட்டால் கத்துவது போலவே இருக்கிறது. இதை ரசிப்பவர்கள் உண்மையிலேயே ரசிக்கிறார்களா?

உண்மையிலேயே ரசிக்கிறார்கள், நானும் ரசிக்கிறேன். ஆபெரா என்பது பாட்டாலேயே கதை சொல்லும் மேற்கத்திய மேடை நாடகம். அந்தக் குரல் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் காது கொஞ்சம் இளகும். மைக் இல்லாமல், ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி, அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய குரல் அது. வெறும் சத்தத்தால் அது முடியாது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 500 அதிர்வுகளை, ஒட்டிய பகுதியில் குவிகிறது. பயிற்சி பெற்ற ஆபெரா குரல், குறிப்பாக ஆண் குரல், 3000 ஹெர்ட்ஸை ஒட்டிய இடத்தில் கூடுதல் ஆற்றலைக் குவிக்கிறது. ஆர்கெஸ்ட்ரா அங்கே பலவீனம் என்பதால் குரல் தனியாகத் துலங்குகிறது. உங்களுக்குக் கத்தல் போலத் தோன்றும் அந்தக் கூர்மை, அரங்குக்காகச் செய்து வைத்த கூர்மை. சின்ன இயர்போனில் கேட்டால் குத்தத்தான் செய்யும். நல்ல ஸ்பீக்கரில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேளுங்கள். மரியா கல்லாஸில் தொடங்கலாம். அழகாக ஒலிக்க வேண்டும் என்பதை விட, பாத்திரத்தின் வலி தெரிய வேண்டும் என்று பாடியவர் அவர்.

நம் நாடக மேடைப் பாடகர்களுக்கும் இதே தேவை இருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் குரல்களின் வீச்சு அந்த மேடையில் வளர்ந்தது. பிறகு மைக் வந்தது. 1925 வாக்கில் மின்முறை ஒலிப்பதிவு பரவியதும், பிங் கிராஸ்பி போன்றவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல மெல்லப் பாட ஆரம்பித்தார்கள். நம்மிடம் பி.பி. ஸ்ரீனிவாஸின் மென்மை மைக் இல்லாத காலத்தில் சாத்தியமே இல்லை.

கேள்வி: ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு குரலில் பாடுவதாகக் காணொளி பார்த்தேன். நிஜமா? அப்புறம், மெட்டல் பாடகர்களின் உறுமலும் பாட்டில் சேருமா?

நிஜம்தான். ரஷ்யாவில் உள்ள துவா, பக்கத்து மங்கோலியா ஆகிய பகுதிகளின் தொண்டைப் பாட்டு அது. எந்தக் குரலிலும் அடிப்படை ஒலியோடு பல மேலொலிகள் சேர்ந்தே இருக்கும். நாக்கையும் வாயின் வடிவத்தையும் நுணுக்கமாக மாற்றி, அவற்றில் ஒன்றை மட்டும் பெரிதாக்கினால் மேலே ஒரு விசில் தனியாகக் கேட்கும். ஹூன் ஹூர் தூ என்ற துவா குழுவைத் தேடிக் கேளுங்கள். அவர்களுடைய மிகத் தாழ்ந்த பாணி ஒன்றில், குரல் நாண்களுக்கு மேலே உள்ள பொய்க் குரல் நாண்களும் சேர்ந்து அதிர்கின்றன. மெட்டல் உறுமலிலும் பெரும்பாலும் அவைதான் வேலை செய்கின்றன. பயிற்சி இல்லாமல் செய்தால் தொண்டை போய்விடும். ஆகவே அதுவும் பாட்டுதான், கற்றுக்கொண்டு பாட வேண்டிய பாட்டு.

கேள்வி: என் மகன் நாள் முழுக்க ராப் கேட்கிறான். எனக்குப் பழைய பாடல்கள். இருவரும் சேர்ந்து கேட்க வழி உண்டா?

உண்டு. அவனிடம் ஒரு பாட்டைப் போடச் சொல்லி, அடியில் ஓடும் தாளம் எந்தப் பழைய பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது என்று இருவருமாகத் தேடுங்கள். ராப்புக்கு வீடான ஹிப் ஹாப் பிறந்ததே பழைய இசைத்தட்டுகளிலிருந்துதான். 1973இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் டிஜே கூல் ஹெர்க், பாட்டில் வெறும் தாளம் மட்டும் வரும் சில நொடிகளை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி நீட்டினார். ஆடுகிறவர்கள் காத்திருந்தது அந்த நொடிகளுக்காகத்தான்.

அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். அவர் வாசித்த சில நொடித் தாளம் ஒன்று நூற்றுக்கணக்கான ராப் பாடல்களில் வெட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. பாட்டு எழுதியவராக அவர் பெயர் இல்லாததால் அந்தப் பயன்பாட்டுக்கு அவருக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் உங்கள் மகனுக்கும் கோபம் வரும். எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தோடு இருவரும் ஜேம்ஸ் பிரவுனைக் கேட்டால், அவன் உங்கள் காலத்துக்கு வந்துவிடுவான்.

தமிழில் கேட்க வேண்டுமென்றால் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவின் 2006 பாடல்களும் சென்னையின் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவும் இருக்கின்றன. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பாடல்களில் கானாவும் ராப்பும் ஒன்றுக்கொன்று இடம் கொடுப்பதைக் கவனியுங்கள். அங்கே உங்கள் இருவருக்கும் பேச நிறைய இருக்கும்.

கேள்வி: சோல் இசைக்கு ஒரு பெயர்?

அரேத்தா ஃபிராங்க்ளின். அவருக்கு முன்னால் மஹாலியா ஜாக்சன். தேவாலயப் பாட்டிலிருந்து சோல் எப்படி வந்தது என்பதை இந்த இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டாலே உணரலாம்.

கேள்வி: சாஸ்திரிய இசை கேட்க ஆசை. ஒரு ராகம் ஒரு மணி நேரம் ஓடினால் கவனம் சிதறிவிடுகிறது. எங்கிருந்து தொடங்க?

ஒரு மணி நேரத்திலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. இந்துஸ்தானியில் குமார் கந்தர்வாவின் கபீர் பாடல்களில் தொடங்குங்கள். சிறு வயதிலேயே புகழ்பெற்ற பாடகர் அவர். 1940களின் இறுதியில் காசநோய் தாக்கியதால் பல ஆண்டுகள் பாடவே முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் தேவாஸில் படுக்கையில் இருந்தபடி மால்வா நாட்டுப்புறப் பாடல்கள் காதில் விழக் கேட்டுக்கொண்டிருந்தார். குணமாகி வந்தபோது ஒரு நுரையீரல் பயனற்றுப் போயிருந்தது. நீண்ட மூச்சில் பாட முடியாததால் சின்னச் சின்ன வீச்சுகளாகப் பாடினார். நடுவே விழும் மௌனமும் அவர் பாட்டின் பகுதியானது. கேட்டிருந்த நாட்டுப்புற மெட்டுகளும் உள்ளே வந்தன. அவர் பாட்டு காதுக்குப் பழகியபின் பீம்சேன் ஜோஷியின் நீண்ட கயால் (ராகத்தை விரித்துப் பாடும் இந்துஸ்தானி வகை) உங்களுக்கு நீளமாகத் தோன்றாது.

கர்நாடக இசையில் என் முதல் பரிந்துரை எம்.டி. ராமநாதன். தாழ்ந்த குரல், யாரும் துணியாத நிதானம். ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே போகிறது என்று பார்க்க நமக்கு நேரம் தருவார். புதிதாகக் கேட்பவருக்கு வேகமான பாடகரை விட அவர்தான் எளிது என்பது என் உறுதியான கருத்து. பலர் இதை ஏற்க மாட்டார்கள், தெரியும். அவருக்குப் பிறகு டி. பிருந்தா பாடிய பதங்கள், அதாவது மெதுவாக நகரும் காதல் பாடல்கள்.

கேள்வி: நல்ல பாட்டு அனுப்பினால் நண்பர்கள் யாரும் கேட்பதில்லை. வருத்தமாக இருக்கிறது.

ஒரு நேரத்தில் ஒரு பாட்டு மட்டும் அனுப்புங்கள். ஐம்பது பாட்டுப் பட்டியலை யாரும் திறக்க மாட்டார்கள். 'இதைக் கேள், அருமை' என்று எழுதாமல், எந்த இடத்தைக் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்: 'இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின் நின்றுபோகும், அப்போது அவள் குரல் மட்டும் வரும், அதைக் கவனி.' இப்படி எழுதினால் அந்த இடம் வரும்வரையாவது கேட்பார்கள். அவர்கள் பதிலுக்கு அனுப்புவதையும் முழுதாகக் கேளுங்கள். உங்களுக்கு ஒவ்வாத வகையாக இருந்தாலும் கேளுங்கள்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்த குரல் எது?

தமிழில் ஸ்வர்ணலதா. அந்தக் குரலில் ஒரு தயக்கம் எப்போதும் இருக்கும். பாட்டின் சோகத்தை அவர் அழுது காட்டுவதே இல்லை. 1994ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. 2010இல் 37 வயதிலேயே போய்விட்டார். அவர் பாட வேண்டியது எவ்வளவோ மிச்சம் இருந்தது.

தமிழுக்கு வெளியே என்றால் செசாரியா எவோரா. அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளில், மிண்டேலோ துறைமுகத்தில் பிறந்தவர். மதுக்கூடங்களில் பாடிக்கொண்டிருந்தவர், பிழைப்பு நடக்காமல் பத்தாண்டு போலப் பாட்டையே நிறுத்திவிட்டார். ஐம்பது வயதை ஒட்டித்தான் உலகம் அவரைக் கண்டுகொண்டது. மேடையில் வெறுங்காலோடு நிற்பார். நடுவில் உட்கார்ந்து ஒரு சிகரெட் பிடிப்பார், பிறகு எழுந்து பாடுவார். அவர் பாடியது மோர்னா என்ற மெதுவான இசை வகை. உச்சத்துக்கு ஏறி ஆளை அசத்தும் முயற்சி எதுவுமே இல்லாத குரல். அவரைப் பிடித்தால் போர்த்துகலின் ஃபாடோ பாடகி அமாலியா ரோட்ரிகஸுக்குப் போங்கள். இரண்டு இசைக்கும் உறவு உண்டு, ஆனால் அமாலியாவிடம் நாடகம் அதிகம்.

கேள்வி: ஸ்டுடியோ பதிவு நல்லதா, கச்சேரிப் பதிவு நல்லதா?

பாடகரைப் பொறுத்தது. எகிப்தின் உம் குல்தூமை ஸ்டுடியோவில் மட்டும் கேட்டால் பாதிதான் கேட்டதாக அர்த்தம். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவுகளில் அவர் கச்சேரி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பாகும். ஒரு பாட்டே ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ரசிகர்கள் கூவிக் கேட்டால் அதே வரியை வேறு நகாசுகளோடு மறுபடி பாடுவார், மறுபடியும் பாடுவார். அந்தக் கூவல்களும் பாட்டின் பகுதி. மாறாக, அடுக்கடுக்காக ஒலி சேர்த்துக் கட்டிய பாப் பாட்டுக்கு ஸ்டுடியோதான் சரியான இடம்.

கேள்வி: பாடகரே இல்லாத இசையையும் சொல்லலாமா?

தாராளமாக. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம், தோடி ராக ஆலாபனை. பழைய பதிவு என்பதால் இரைச்சல் இருக்கும். முதல் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் இரைச்சல் காதிலேயே விழாது.