குண்டான உடம்பை வரைந்தால் என்ன?

கேள்வி: லூசியன் ஃபிராய்ட் என்ற ஓவியர், பருத்த பெண் ஒருவர் சோபாவில் தூங்குவதை வரைந்த படம் கோடிக்கணக்கில் விலை போனதாகப் படித்தேன். செல்போனில் ஒரு நொடியில் எடுத்துவிடக்கூடிய காட்சிக்கு மாதக்கணக்கில் ஆளை உட்கார வைப்பானேன்? அதுவும் அழகில்லாத உடம்பை வரைந்து என்ன பயன்?
— ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: விலையை முதலில் முடித்துவிடுவோம். 1995-இல் வரைந்த அந்த ஓவியம் 2008-இல் நியூயார்க் ஏலத்தில் 3.36 கோடி டாலருக்குப் போனது உண்மை. விற்றவர் ஓவியர் அல்ல, முன்பே வாங்கி வைத்திருந்தவர். ஆகவே அந்தக் கணக்கை ஓவியரிடம் கேட்க முடியாது.

இனி செல்போன். வடசென்னைச் சுவர்களிலும் தியேட்டர் வாசல்களிலும் கட்அவுட் எழுதியவர்கள், புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, முகத்துக்கான ரோஸ் நிறத்தை டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். பஸ்ஸில் போகிறவர் அண்ணாந்து பார்க்கும் உருவத்துக்கு அது சரியான முறை. அதில் கைதேர்ந்தவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஃபிராய்டுக்கு வேண்டியிருந்தது வேறு. வண்ணமே சதையாக வேலை செய்ய வேண்டும் என்பார் அவர். அதனால் நின்றுகொண்டே, முரட்டுப் பன்றிமயிர்த் தூரிகையால், ஏறக்குறைய ஒவ்வொரு தீற்றலுக்கும் நிறத்தைப் புதிதாகக் கலந்தார். தூரிகையைத் துடைத்துப் போட்ட கந்தல் துணி அவருடைய ஸ்டூடியோவில் குவியல் குவியலாகக் கிடந்தது. க்ரெம்னிட்ஸ் வெள்ளை என்னும், ஈயம் சேர்ந்த கனத்த வண்ணத்தை அவர் தாராளமாகப் பயன்படுத்தியதால், தோள், வயிறு, முழங்கால் எல்லாம் திரைச்சீலையிலேயே மேடு தட்டி நிற்கின்றன. பகலில் தொடங்கிய படத்தைப் பகலிலும், விளக்கொளியில் தொடங்கியதை இரவிலும் மட்டுமே தொடர்ந்தார். 2007-இல் முடித்த ஒரு நிர்வாண ஓவியத்துக்கு 16 மாதங்களில் சுமார் 2,400 மணி நேரம் ஆனது. தரையை வரையும்போதுகூட மாடல் அங்கேயே இருந்தாக வேண்டும். ஆள் இருக்கும் அறை, ஆள் இல்லாத அறையைப் போல் தெரியாது என்பது அவர் கட்சி. கொஞ்சம் அடம்தான், ஆனால் படத்தைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை.

இந்தப் பொறுமையின் காரணம் விளங்கவில்லை என்றால், விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய், மீன் அரியும் பெண் ஒருவரின் கையை, அவரைச் சங்கடப்படுத்தாமல், சற்று நேரம் பாருங்கள். ரவிக்கை மறைத்த இடம் ஒரு நிறம், வெயில் பட்ட முன்கை வேறு நிறம். தண்ணீரில் ஊறிய விரல் நுனி வெளுத்திருக்கும், மணிக்கட்டில் நரம்பு பச்சை தட்டும், அவர் கத்தியை அழுத்தும்போது முட்டியில் ரத்தம் விலகி மஞ்சளாகும். எந்த டப்பாவில் இதை மொத்தமாகக் கலப்பீர்கள்?

அழகில்லாத உடம்பு என்கிறீர்கள். சோபாவில் தூங்கும் சூ டில்லி, லண்டனில் அரசு உதவித்தொகை வழங்கும் அலுவலகத்தில் மேற்பார்வையாளராக இருந்தவர். அவருடைய எடை சோபாவை அழுத்துவதையும், கன்னம் சோபாவில் சாய்ந்து நசுங்குவதையும், தூக்கத்தில் உடம்பு தன்னைத் தளரவிடுவதையும் ஃபிராய்ட் ஒளிக்கவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. ஒல்லியாக்கியிருந்தால் வேறு யாரோ ஒருவர்தான் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்.

ஃபிராய்டைக் குறை சொல்லவே கூடாது என்பதில்லை. மனிதரை மேசைமேல் வைத்த பண்டம் போல ஈரமின்றிப் பார்க்கிறார் என்ற விமர்சனம் உண்டு. அவருடைய சில நிர்வாண ஓவியங்களைப் பொறுத்தவரை அதில் நியாயமும் இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் இருவரும் உட்கார்ந்து வாதிட்டிருக்கலாம். நீங்கள் குறை கண்டது ஓவியத்தில் அல்ல, அந்த அம்மாவின் இடுப்பில்.