கடித்த நாயை ஊசி போட்டு முடித்துவிடலாமா?

வாசகர் கடிதம்

வணக்கம் அம்மா. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் வேண்டாம். எனக்கு 47 வயது. கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. 74 வயது மாமியார் என்னோடு இருக்கிறார், கைத்தடி ஊன்றித்தான் நடப்பார். மகன் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறான். ஐந்து மா நிலமும் இரண்டு கறவை மாடும்தான் எங்களுக்கு.

வீட்டில் மணி என்று ஒரு ராஜபாளையம் நாய். ஆண், ஆறு வயது. என் கணவர் குட்டியாக வாங்கிவந்து வளர்த்தது. காலையும் மாலையும் ஆற்றங்கரைக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போவார். அவர் போன பிறகு கூட்டிப்போக ஆளில்லை. பகலெல்லாம் மாட்டுக்கொட்டகைத் தூணில் சங்கிலியோடு கிடக்கும். ராத்திரி அவிழ்த்துவிட்டால் நேராகத் திண்ணைக்கு வந்து அவருடைய ஈஸிசேருக்கு அடியில் படுத்துக்கொள்ளும்.

சித்திரையில் பால்காரப் பையனின் கைலியைக் கிழித்தது. பிறகு ஊருக்கு வந்திருந்த நாத்தனார் பேரன் கையில் பல் பட்டுச் சிராய்த்தது. இரண்டு மாதமாகத் தலையைத் தொட்டாலே உறுமுகிறது. கொட்டகையில் பல வருடமாகச் சாணி அள்ள வருகிற அம்மா, போன மாதம் கூடையை எடுக்கக் குனிந்தார். பக்கத்தில் அதன் சோற்றுத்தட்டு இருந்தது. முன்கையைக் கவ்வி உதறியது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றிய பிறகுதான் விட்டது. இரண்டு ஆழமான பொத்தல், ஒரு கிழிசல். கும்பகோணத்தில் அரசு மருத்துவமனையில் புண்ணைச் சுற்றிச் சீரமும், கையில் தடுப்பூசியும் போட்டார்கள். மூன்று தவணை முடிந்தது. பத்து நாள் தாண்டியும் மணி நன்றாகச் சாப்பிடுகிறது. "நாய் நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு ஊசி, ஒரு நாள் கூலி போவுது" என்கிறார் அந்த அம்மா. என் மேல் வருத்தமே இல்லை என்றும் சொல்கிறார்.

"சோத்துல மருந்தைக் கலந்து வச்சா விடியறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்கிறார் கொழுந்தனார். மாமியாரோ, "பைரவர் வாகனம், கொன்னா குடும்பத்துக்கு ஆகாது, கொள்ளிடத்துக்கு அக்கரையில விட்டுட்டு வந்துடு" என்கிறார். மகன் போனில் அழுகிறான். "அப்பா நாயைக் கொன்னா நான் வீட்டுக்கே வரமாட்டேம்மா" என்று சொல்லிவிட்டான். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஈஸிசேருக்கு அடியில் அதைப் பார்க்கும்போது, இதை ஊசி போட்டுக் கொன்றால் அவரையே இன்னொரு தடவை அனுப்பிவைப்பதுபோல இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரிக்கு,

கடிபட்ட அம்மாவின் ஊசியை முதலில் சொல்கிறேன், அதற்குத்தான் தேதி இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் 0.1 மி.லி. வீதம் இரண்டு இடத்தில் போடுவார்கள். முதல் ஊசி போட்ட நாளைச் சுழியமாக வைத்து 3, 7, 28 ஆம் நாட்களில் மற்ற தவணைகள். நாய் பத்து நாள் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் ரேபிஸ் கிருமி இல்லை என்று கொள்ளலாம். அப்படியிருந்தும், தோலுக்குள் போடும் முறையில் நான்காவது தவணையையும் முடித்துவிட வேண்டும் என்பதுதான் நம் நாட்டு மருத்துவ வழிகாட்டுதல். முழுதாகப் போட்டுக்கொண்டவருக்குப் பின்னால் வேறு நாய் கடித்தாலும் சீரம் தேவைப்படாது, இரண்டு தவணை தடுப்பூசி போதும். விடியற்காலையில் தெருநாய்களைத் தாண்டி வேலைக்கு வரும் ஒருவருக்கு இது பெரிய பாதுகாப்பு. 28 ஆம் நாள் நீங்களே கூடப் போங்கள். அன்றைய கூலி, பஸ் காசு, கை ஆறும்வரை வேலைக்கு வராத நாட்களின் கூலி எல்லாம் உங்களுடையது.

"வருத்தமில்லை" என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுக் கூலியை நம்பி இருப்பவரால் வேறு என்ன சொல்ல முடியும்? "மணி இருக்கும்வரை கொட்டகைக்கு வர வேண்டாம், உன் சம்பளம் நிற்காது" என்று நீங்களாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒருமுறை கேட்டுப்பாருங்கள். மணியைப் பற்றி முடிவெடுக்கும்போது அந்தப் பதிலுக்கு உங்கள் மகனின் அழுகைக்குக் குறையாத எடை கொடுங்கள்.

இப்போது மணி. மணி நல்ல நாயா, கெட்ட நாயா என்று உங்கள் வீட்டில் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடவே வேண்டாம். அடுத்த கடியை, உங்கள் வீட்டில், இருக்கிற ஆட்களை வைத்துத் தடுக்க முடியுமா என்று மட்டும் பாருங்கள்.

கடியின் கடுமையை அளக்க, நாய்ப் பழக்கவழக்க நிபுணர் இயன் டன்பார் வகுத்த ஆறு படிகளைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். முதல் படியில் உறுமலும் பாய்ச்சலும் மட்டும், பல் படாது. இரண்டில் பல் படும், பொத்தல் விழாது. மூன்றில் ஒரே கவ்வலில் ஒன்று முதல் நான்கு பொத்தல், கோரைப்பல்லின் பாதி நீளத்துக்குள். நான்கில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கும், அல்லது கவ்வி உதறிக் கிழித்திருக்கும். ஐந்து பலமுறை ஆழமாகக் கடித்தது, ஆறு உயிர்போனது. முதல் இரண்டு படி நாய்களைப் பழக்கித் திருத்திவிடலாம், மூன்றாவதைக் கடும் உழைப்பால் பெரும்பாலும் சரிக்கட்டலாம். நான்காம் படிக்குப் போன நாய் மறுபடி கடித்தால் அதுவும் அதே அளவு ஆழமாகத்தான் இருக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மணி நான்கில் நிற்கிறது. கைலி, சிராய்ப்பு, முன்கை என்று படிப்படியாக ஏறியும் இருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: தலையைத் தொட்டால் உறுமுகிறது, அதுவும் இரண்டு மாதமாகத்தான். வலி இருக்கும் நாய் கடிக்கும். காதுக்குள் சீழ் வைத்திருக்கலாம். மடலைத் தூக்கி முகர்ந்தால் நாற்றம் அடிக்கும், உள்ளே பழுப்பு அழுக்கு தெரியும், தலையை அடிக்கடி உதறும். சங்கிலியைக் கடித்துக் கடித்துக் கோரைப்பல் உடைந்து வேர் தெரியலாம். இடுப்பு மூட்டுத் தேய்மானம், உண்ணிக் காய்ச்சல், தைராய்டு குறைவு, மூளைக்கட்டி வரை காரணங்கள் உண்டு. ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டுங்கள். மயக்கம் கொடுத்துக் காதையும் வாயையும் பார்த்து, இடுப்புக்கு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். வீட்டில் நீங்களே காதைப் புரட்டிப் பார்க்கக் கூடாது. கூட்டிப்போகும்போது கூடை மாதிரியான வாய்க்கூடு போடுங்கள், கடைகளில் மசில் என்று கேட்டால் தருவார்கள். துணியில் தைத்தது வேண்டாம், வாயைத் திறந்து மூச்சிரைக்க முடியாமல் வெயிலில் நாய் சுருண்டுவிடும். அதற்குள் தயிர்சாதத்தையோ கறித்துண்டையோ வைத்து ஒரு வாரம் பழக்கினால் தானாக மூக்கை நுழைக்கும்.

வலிதான் காரணம் என்று தெரிந்து, அது தீர்ந்தாலும் முழு நிம்மதி இல்லை. கடித்தால் ஆள் விலகுவார், தட்டு காப்பாற்றப்படும் என்பதை மணி கற்றுக்கொண்டாகிவிட்டது. சங்கிலி வேறு இதைக் கூட்டியிருக்கிறது. ஓட வழியில்லாத நாய்க்கு, பக்கத்தில் யார் வந்தாலும் பாய்வது ஒன்றே மிச்சம். வைத்துக்கொள்வதென்றால் கொட்டகையை விட்டுத் தள்ளி, குறைந்தது பத்துக்குப் பத்தடிக் கூண்டு, ஆறடி உயரக் கம்பிவலை, ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவு, உள்ளே போகாமல் தட்டைத் தள்ள ஒரு திறப்பு, தினம் இரண்டு வேளை வாய்க்கூட்டோடு அரைமணி நேர நடை. வேலையாட்களும் பிள்ளைகளும் வரும் நேரத்தில் கதவு பூட்டியிருக்க வேண்டும். ஆண்மைநீக்க அறுவையால் ஊர்சுற்றல் குறையும், இந்த மாதிரிக் கடிக்கு அதை நம்ப முடியாது. இத்தனையும் இன்னும் ஐந்தாறு வருடம், நடவு, அறுப்பு, மழைக்காலம் என்று பார்க்காமல், ஒரு நாள் தவறாமல். இழுத்தால் உங்களைக் கீழே தள்ளும் பலம் அதற்கு இருக்கிறது. கதவு ஒருநாள் தாழ் விழாமல் இருந்தால் கைத்தடியோடு எதிரே வருவது உங்கள் மாமியார்.

அதனால் என் கருத்து இது. மருத்துவர் தீர்க்கக்கூடிய வலி எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றாலோ, கண்டுபிடித்தும் மேலே சொன்ன ஏற்பாட்டைச் செய்ய வீட்டில் ஆளில்லை என்றாலோ, ஊசி போட்டு அதன் உயிரை முடித்துவிடுவதே சரி. மணிக்குத் தண்டனையாக இதைச் சொல்லவில்லை. இன்னொரு கை, ஒருவேளை ஒரு குழந்தையின் முகம், அதன் பல்லில் மாட்டக் கூடாது.

அக்கரையில் விடுவதில் கடி நிற்காது, கடிபடும் ஆள் மட்டும் மாறுவார். வளர்த்த மிருகத்தைக் காரணமின்றிக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தோப்புக் காவலுக்கு என்று யாராவது கேட்டாலும் கடித்த கதையை மறைத்துக் கொடுக்கக் கூடாது, சொன்னால் வாங்குவாரும் இருக்க மாட்டார்கள். கொழுந்தனார் சொல்லும் வழியைக் கட்டாயம் தடுங்கள். வயலுக்குப் போடும் குருணை மருந்தைத் தின்ற நாய், நினைவு இருக்கும்போதே மூச்சு திணறி, வலிப்பு வந்து சாகும். மிச்சச் சோற்றைத் தின்ற காக்கையும் கோழியும் சாகும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 325 ஆம் பிரிவில் இதற்கு ஐந்து வருடம் வரை சிறை அல்லது அபராதம், அல்லது இரண்டும். கடிக்கும் என்று தெரிந்தும் வளர்ப்பு நாயைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் 291 ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

கால்நடை மருத்துவர் செய்வது வேறு. எல்லா மருத்துவரும் உடனே சம்மதிக்க மாட்டார்கள். கடிபட்டவரின் மருத்துவமனைச் சீட்டு நகல், முந்தைய சம்பவங்களின் தேதி, பரிசோதனை முடிவுகள் மூன்றையும் கொண்டுபோங்கள். காரணத்தை எழுதி உங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வார்கள். பழகிய ஆள் வாய்க்கூடு போட்டதும் முதலில் தசையில் மயக்க ஊசி. சுமார் கால்மணி நேரத்தில் ஆழ்ந்து தூங்கிவிடும். பிறகுதான் முன்காலில் ரத்தக்குழாய் வழியாக அளவுக்கு மிஞ்சிய மயக்கமருந்து, சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். மயக்கம் கொடுக்காமல் நேரே கடைசி ஊசி போடுவதென்றால் சம்மதிக்காதீர்கள். கண் மூடாது, சிறுநீர் பிரியலாம், ஒன்றிரண்டு முறை பெருமூச்சு மாதிரி வரலாம். மணிக்கு அப்போது எதுவும் தெரியாது. உடன் இருக்கப் போகிறவர் இதை முன்னமே தெரிந்துவைத்திருந்தால் பிற்பாடு அந்தக் காட்சி அவரைத் துரத்தாது. புதைக்கும் குழி நாலடிக்குக் குறையக் கூடாது. வயலோரம் வேண்டாம், ஐப்பசி கார்த்திகையில் நீர் ஏறிவிடும். போர்வெல்லுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி, திடலில் தோண்டுங்கள். மருந்து உடலில் தங்கும், தோண்டித் தின்னும் நாயையும் நரியையும் அது கொல்லும்.

மகனிடம் முடிவெடுத்த பிறகு தகவலாகச் சொல்லாதீர்கள். பரிசோதனைக்கே அவனைக் கூப்பிடுங்கள், மருத்துவர் வாயாலேயே கேட்கட்டும். கூண்டும் நடையும் தினசரி யார் பார்ப்பது என்று அவனிடமே கேளுங்கள், மிரட்டலாக இல்லாமல் நிஜமான கேள்வியாக. ஓடிப்போய்விட்டது, பாம்பு கடித்துவிட்டது என்று பொய் வேண்டாம். ஊரில் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்வார், அப்பாவை இழந்த பிள்ளை அதன்பின் அம்மாவின் வார்த்தையையும் இழப்பான். கடைசி நாளில் இருப்பதா வேண்டாமா என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

மாமியாரின் பயத்தை வாதாடி மாற்ற முடியாது. தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு விளக்கேற்ற நினைத்தால் கூடப் போங்கள், அவருக்கு அது தேவை.

கடைசியாக நீங்கள். மணியைக் காப்பாற்றினால் அவரில் கொஞ்சம் மிச்சமிருக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. துக்கம் முழுதாகத் தீராத வீடுகளில் இது இயல்பு. உங்கள் கணவர் இருந்தால் அந்த அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு என்ன செய்திருப்பார் என்று ஒருமுறை அமைதியாக யோசியுங்கள், அவரை அறிந்தவர் நீங்கள்தான். முடிந்த பின் நிம்மதியும் குற்றவுணர்ச்சியும் சேர்ந்தே வரும். நிம்மதியாக இருப்பதால் நீங்கள் கல்நெஞ்சக்காரி ஆகிவிடவில்லை. "ஒரு நாய்க்குப் போய் இப்படியா" என்பவர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அழுகை வந்தால் அழுதுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் வராவிட்டாலோ, கடித்த காட்சி திரும்பத் திரும்ப வந்தாலோ 14416 எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையை அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

ஒரத்தநாட்டுக்குப் போகும் நாள் வரை மணியை ராத்திரியும் அவிழ்த்துவிட வேண்டாம். தட்டை நீளக் கழியால் தள்ளுங்கள், கொட்டகையில் மணி எட்டும் தூரத்துக்கு வெளியே சுண்ணாம்புக் கோடு போட்டு, அதைத் தாண்டி யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.