மாலையானால் மார்பை விட்டு விலகி அழும் குழந்தை

தங்கைக்கு வணக்கம். ஒன்பது நாள் மகன் மாலையானால் இரண்டு இழுப்பில் மார்பை விட்டு விலகி அலறுகிறான், மாமியார் "பால் போதவில்லை, புட்டிப்பால் கொடு" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் மூத்த மகளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அழுத இரவுகள் நினைவுக்கு வந்தன.

அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள், ஈரத்துணியை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு தினமும் 6 முறையாவது நன்றாக நனைத்து, எடையும் ஏறினால் பால் போகிறது. மாலையில் ஓயாமல் கேட்பது பச்சிளங்குழந்தைகளின் இயல்பு.

அடுத்து, கவ்வும் விதம். என் மகள் காம்பை மட்டுமே கவ்வினாள். உறிஞ்சும்போது 'டிக் டிக்' என்று சத்தம் வரும். விட்டதும் காம்பு ஒருபக்கமாக நசுங்கியிருக்கும். வீட்டுக்கு வந்த அரசு கிளினிக் தாதி, அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பி, காம்பை மூக்குக்கு நேரே வைத்து, கொட்டாவி போல வாய் திறக்கும்வரை காத்திருந்து அணைக்கச் சொன்னார். தாடை மார்பில் புதைந்தது, சத்தம் நின்றது. மார்பு கல்லாகக் கட்டியிருந்தால் முதலில் கையால் சிறிது பீய்ச்சி இளக்குங்கள். அலறும்போது திணிக்காதீர்கள்; சட்டையைக் கழற்றி நெஞ்சோடு போட்டு, அடங்கியதும் கொடுங்கள்.

மாமியாரிடம் உங்களுக்குப் பத்தியச் சமையல் செய்து தரச் சொல்லுங்கள், அவருக்கும் மனம் நிறையும்.

ஆனால் கண் மஞ்சளாகத் தெரிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, எழுப்பியும் குடிக்காமல் தூங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் புட்டிப்பாலும் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள்.