பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுக்குள்ள இருந்தும் கேரளா கையில இருக்கறது எப்படி? உள்ள பாக்கறதுக்கு அப்படி என்ன இருக்கு?

நான் பொறந்து வளந்தது தக்கலை பக்கம், அரண்மனை எங்க வீட்டுல இருந்து நடக்கற தூரம்தான். வெளியூர்ல இருந்து சொந்தக்காரங்க யாரு வந்தாலும் கூட்டிட்டுப் போற டியூட்டி என் தலையிலதான் விழும், அவங்களும் டிக்கெட் கவுண்டர்ல மலையாள போர்டப் பாத்ததும் இதே கேள்வியத்தான் கேப்பாங்க. அதனால மொதல்ல அத முடிச்சிருவோம்.

1956 நவம்பர் 1 வரைக்கும் கன்னியாகுமரி மாவட்டம்னு ஒண்ணு கெடையாது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு இந்த நாலு தாலுகாவும் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துல இருந்து, பிறவு திருவிதாங்கூர் கொச்சி மாநிலத்துல இருந்துச்சு. தமிழ் பேசற எங்கள மெட்ராஸ் மாநிலத்தோட சேக்கணும்னு நேசமணி தலைமையில பெரிய போராட்டமே நடந்துச்சு, 1954 ஆகஸ்ட் 11 அன்னைக்கு மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் போலீஸ் சுட்டு ஆளுங்க செத்தாங்க. அப்புறம் மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்துட்டு, அரண்மனை மட்டும் கேரள தொல்லியல் துறை கையிலயே நின்னுட்டு. அவ்ளவுதான் விஷயம். ரோடு தமிழ்நாடு, பஸ்ஸு தமிழ்நாடு, வாசல்படி தாண்டுனா கேரள அரசு ஊழியர்கள். எங்களுக்கு இது ஒரு விசித்திரமாவே தோணாது, சொந்தக்காரன் பாதி பேரு அங்க, பாதி பேரு இங்க, சாயா குடிக்கறதும் ரெண்டு பாஷையிலதான்.

இனி உள்ள என்ன இருக்குன்னு கேட்டீங்கல்ல. ஒண்ணு முன்னாலயே சொல்லிடறேன், மைசூர் அரண்மனைய மனசுல வச்சுட்டு வந்தா ஏமாந்து போவீங்க. எங்க சித்தப்பா ஒருத்தர் மதுரையில இருந்து வந்தவரு, படிப்புரைங்கற வாசல் கட்டடம் தாண்டி முத்தத்துல (முற்றத்துல) நின்னு பாத்துட்டு "ஏம்ப்பா, இது ஓட்டு வீடுல்ல?"ன்னு கேட்டாரு. தப்பா கேக்கல. ஓட்டு வீடுதான். வெள்ளைச் சுவரு, மரம், ஓடு, சாஞ்ச கூரை, அதுக்கு மேல இன்னொரு கூரை. ஆனா கடல் தாண்டி வந்த டச்சுக்காரன குளச்சல்ல 1741ல தோக்கடிச்ச அரசாங்கம் இந்த ஓட்டு வீட்டுல இருந்துதான் நடந்துச்சு. அதனால நான் யாரக் கூட்டிட்டுப் போனாலும் சொல்றது இதான், பேருதான் அரண்மனை, இத ஒரு பழைய கவர்மெண்ட் ஆபீஸா நெனச்சுப் பாருங்க, அப்பதான் ஒவ்வொரு ரூமும் எதுக்குன்னு பிடிபடும்.

கதைய சுருக்கமா சொல்றேன். ஊருக்குப் பழைய பேரு கல்குளம். அரண்மனையில ரொம்பப் பழசு தாய்க்கொட்டாரம்ங்கற கட்டடம். அரண்மனைய 1601 வாக்குல வேணாட்டு (திருவிதாங்கூரோட பழைய பேரு) ராஜா இரவி வர்ம குலசேகரப் பெருமாள் காலத்துல கட்டுனதுன்னு சொல்றாங்க. இப்ப நாம பாக்கற பெரும்பகுதி திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா காலம், அவரு ஆண்டது 1729ல இருந்து 1758 வரைக்கும். குளச்சல் சண்டையில பிடிபட்ட டி லன்னாய்ங்கற டச்சு படைக்காரரு அப்புறம் இவருகிட்டயே சேந்து படைக்குப் பயிற்சி குடுத்தாரு, டி லன்னாயோட சமாதி நம்ம புலியூர்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள்ள இப்பவும் இருக்கு, அரண்மனை பாக்க வர்றவங்க பக்கத்துல இருக்கற அத பாக்காமப் போறதுதான் எனக்கு வருத்தம். 1750ல மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சாமிக்கு எழுதி வச்சுட்டு தன்ன பத்மநாப தாசன்னு சொல்லிக்கிட்டாரு. திருப்படிதானம்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையில சொன்னா முதலாளி சாமி, ராஜா மேனேஜர். ஊரு பேரும் பத்மநாபபுரம் ஆயிட்டு.

இத ஏன் சொல்றேன்னா, அந்த மேனேஜர் கதை கட்டடத்துலயே இருக்கு. உப்பரிகை மாளிகைன்னு நாலு அடுக்கு, அடியில கஜானா, அதுக்கு மேல ராஜா படுக்கற அறை, அதுக்கும் மேல ஓய்வா இருக்கறதுக்கு, உச்சியில இருக்கற அறை சாமிக்கு. ராஜா தூங்கறது கஜானாவுக்கு மேல, சாமிக்குக் கீழ. கல்வெட்டுல எழுதி வைக்காம மாடிப்படியில எழுதி வச்ச மாதிரி. உச்சி அறையில சுவரு முழுக்க மூலிகைச் சாயத்துல ஓவியம் இருக்கு, ஆனா நம்மள மாதிரி ஆளுங்கள மேல விடமாட்டாங்க. ராஜாவோட கட்டில காட்டுவாங்க, 64 வகை மூலிகை மரத்துல செஞ்சது, டச்சுக்காரங்க குடுத்ததுன்னு கைடு சொல்லுவாரு.

எங்க அப்பா மரவேலைக்காரரு. எனக்கு பத்து வயசு இருக்கும், மொத தடவை அவருகூட போனது. எல்லாரும் பூமுகத்துல, அதாவது முன்வாசல் மண்டபத்துல, தொங்கற குதிரை விளக்கப் பாத்துட்டு நிக்காங்க (அது நெசமாவே நல்ல வேலை, பித்தளைச் சங்கிலியில தொங்குது, எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் சாயாம அப்படியே நிக்கும்). சீனாக்காரங்க குடுத்த சிம்மாசனம், ஒத்தக் கல்லுல செஞ்ச கட்டில், எல்லாம் அங்கதான். அப்பா எதையும் பாக்கல. தலைய அண்ணாந்து மச்ச (மேல்தட்டு மரப்பலகைய) பாத்துக்கிட்டே நின்னாரு. மச்சுல பூவா செதுக்கிருக்கும், மொத்தம் 90 பூ, ஒண்ணு மாதிரி இன்னொண்ணு கெடையாது. "மக்ளே, ஒரே பூவ 90 தடவை செதுக்கறது லேசு பாத்துக்கோ, கை தன்னால போவும். இது 90 தடவை புதுசா யோசிச்சிருக்கான்"னாரு. பிறவு மூலைக்குப் போயி கூரை திரும்பற எடத்துல கழுக்கோலெல்லாம் (ஓட்டத் தாங்கற சாய்வு மரச் சட்டம்) விரிச்ச கை வெரலு மாதிரி ஒரு எடத்துல வந்து கூடுதுல்ல, அதக் காட்டி அங்க ஆணி எங்கயாச்சும் தெரியுதா பாருன்னாரு. தெரியல. ஒவ்வொரு கழுக்கோல்லயும் ஓட்டை போட்டு, வளைங்கற குறுக்குச் சட்டத்த உள்ள சொருகி மர ஆப்பு அடிச்சு நிப்பாட்டிருக்கு. மூலையில வர்ற கோலுங்க ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாய்வு, அதனால அந்த ஓட்டையும் ஒவ்வொரு கோணத்துல போடணும், கணக்கு ஒரு நூல் பிசகுனாலும் கடைசிக் கோலு உள்ள போகாது. அதயெல்லாம் தரையில வச்சே போட்டு முடிச்சுட்டுத்தான் மேல தூக்குவாங்களாம். எனக்கு அன்னைக்குப் புரியல. ரொம்ப வருஷம் கழிச்சு எங்க வீட்டு கூரைக்கு அவரு கோணம் போடறத பாத்தப்பதான் புரிஞ்சது.

பூமுகத்துக்கு மேலதான் மந்திரசாலை, ராஜா மந்திரிமாரோட ஆலோசனை பண்ற எடம். என்னக் கேட்டா மொத்த அரண்மனையும் இந்த ஒரு ரூமுதான். ஏறிப் போற படி ஒடுக்கம், ஒரு ஆளுதான் போகலாம், குனிஞ்சு போணும். மேல போனா ஒரு பள்ளிக்கூட வகுப்பு அளவுக்குத்தான் ரூமு. ராஜாவுக்கு ஒரு இருக்கை, மந்திரிமாருக்கு ரெண்டு பக்கமும் சாஞ்சு இருக்கற மாதிரி அகலமான மரப்பலகை, சுத்தி சாய்வா நெருக்கமா அடிச்ச மரச் சட்டம். நடுவுல சின்னச் சின்னதா கலர் அப்பிரகத் (மைக்கா) தகடு வச்ச ஜன்னலு. வெயிலு நேரா உள்ள வராது, செவப்பும் பச்சையுமா தரையில கொஞ்சம் விழும், காத்து மட்டும் சட்டத்து எடைவெளி வழியா வந்துக்கிட்டே இருக்கும். ஏப்ரல் மாசம் மத்தியானம் போயிருக்கேன், வெளிய செருப்பக் கழட்டிட்டு கல்லுல கால் வைக்க முடியல, உள்ள அப்படி ஒரு குளிர்ச்சி. உள்ள இருந்து பாத்தா வாசல் முத்தத்துல யாரு வரான்னு தெரியும், வெளிய இருந்து பாத்தா உள்ள யாரு இருக்கான்னு தெரியாது. வரி, சண்டை, டச்சுக்காரனோட மொளகு வியாபாரம், எல்லாம் பேசறதுக்கு இதவிட தோதான எடம் உண்டா.

இருட்டா இருக்குதேன்னு நெறய பேரு கொறை சொல்லுவாங்க. எங்க ஊரு மழை தெரியாதவங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. எடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஒரு தடவை அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) ரெண்டாந்தடவை அடிக்கும், வேளிமலை அடிவாரத்துல ரெண்டு மழையும் கனமா உண்டு. அதனால கூரைய செங்குத்தா சாச்சு, எறப்ப (கூரையோட வெளி ஓரத்த) நல்லா கீழ எறக்கி விட்டாதான் சாரலு சுவத்தயும் மரத்தயும் தொடாது. எறப்பு கீழ வந்தா வெளிச்சம் கொறையத்தான் செய்யும். மரத்துக்காக இருட்ட வாங்கிருக்காங்க, தேக்கும் பிலாவும் (பலா) இத்தன நூறு வருஷம் நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

தரையப் பத்தி சொல்லாம விட்டா ஊர்க்காரங்க அடிப்பாங்க. கருப்பா கண்ணாடி மாதிரி மின்னும், மொகம் பாக்கலாம். செரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கருப்பட்டித் தண்ணி, செடிச் சாறு எல்லாம் சேத்து தேச்சதுன்னு சொல்லுவாங்க. கரி பூசிக்கிட்டு போவுமோன்னு வெள்ளை வேட்டிய தூக்கிப் பிடிச்சுட்டு நடந்த சித்தப்பாவ இன்னைக்கும் கேலி பண்ணுவோம்.

ஊட்டுப்புரை நீளமான ரெண்டு மாடிக் கூடம், மேல ஆயிரம் கீழ ஆயிரம் பேரு ஒரே நேரத்துல ஒக்காந்து சாப்பிடலாம்னு கணக்கு. தினம் சாப்பாடு போட்டது பிராமணங்களுக்குத்தான், எல்லாருக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஊறுகாய் வைக்கற பெரிய சீனத்து பரணி இருக்கும், ஒரு சின்னப் பிள்ளை உள்ள எறங்கி ஒளியலாம். மணிமேடைக் கடிகாரம், அது கனக் கட்டியோட எடையில ஓடுறது. முத்தத்துல ஒரு உருண்டைக் கல்லு வச்சிருக்கு, படையில சேர வர்றவன் அத 101 தடவை தலைக்கு மேல தூக்கணும்னு சொல்லுவாங்க, நாங்க ஸ்கூல்ல படிக்கச்சுல ரெண்டு பேரா சேந்து அசைக்கப் பாத்து வாச்சர்கிட்ட ஏச்சு வாங்கிருக்கோம்.

தாய்க்கொட்டாரம் நாலுகெட்டு, அதாவது நாலு பக்கமும் கட்டடம், நடுவுல வானம் பாத்த முத்தம், மழை நேரா உள்ள விழும். அங்க ஏகாந்த மண்டபத்துல ஒரு பிலாத் தூணு நிக்கும், ஒத்தத் தடி, மேல இருந்து கீழ வரைக்கும் கொடியும் பூவுமா செதுக்கல். எங்க அப்பா அதுல மட்டும் கைய வச்சாரு. வாச்சர் ஏசுனாரு. நவராத்திரி மண்டபம் மட்டும் முழுக்கக் கல்லு, மரத்துக்கு நடுவுல திடீர்னு சுசீந்திரத்துக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கும். பக்கத்துல சரஸ்வதி கோயில், அந்த சாமி கம்பர் கும்பிட்டதுன்னு ஒரு நம்பிக்கை. இப்பவும் வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால சரஸ்வதி யானை மேலயும், கூட வேளிமலை குமாரசாமியும், சுசீந்திரம் முன்னூற்று நங்கையும் சேந்து திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமா போவாங்க, பெறப்படறதுக்கு முன்னால உப்பரிகை மாளிகையில வச்சு ராஜாவோட உடைவாளக் கைமாத்துற சடங்கு உண்டு. ரெண்டு மாநிலத்து ஆளுங்களும் மந்திரிமாரும் வந்து நிப்பாங்க, ரெண்டு மாநிலத்து போலீசும் நிக்கும். அந்த ஒரு நாளு பாத்தா பார்டர்ங்கறதே சும்மா ஒரு செக்போஸ்ட்தான்னு தோணும்.

1795ல கார்த்திகைத் திருநாள் ராஜா தலைநகர திருவனந்தபுரத்துக்கு மாத்திட்டாரு. ஊரு டல்லாயிட்டுன்னு பெருசுங்க இன்னைக்கும் நேத்து நடந்த மாதிரி சொல்லுவாங்க, ஆனா எனக்கு என்னவோ அதனாலதான் இது தப்பிச்சதுன்னு தோணும். தலைநகரா இருந்திருந்தா இடிச்சு பெருசா கட்டிருப்பாங்க. அங்க கட்டுனத பாருங்க, திருவனந்தபுரம் செக்ரட்டேரியட், திவான் மாதவ ராவ் காலத்துல, பார்ட்டன்னு ஒரு இங்கிலீஷ் இஞ்சினியர் போட்ட பிளான், 1869ல முடிஞ்சது. வெள்ளைத் தூணு, நீள வராந்தா, ரோட்டுல போறவன் எல்லாம் திரும்பிப் பாக்கணும்னே கட்டுனது. வாசலுக்கு எதுக்க நிக்கற மாதவ ராவ் நம்ம கும்பகோணத்துல பொறந்தவரு, காம்பவுண்டுக்குள்ள சிலையா நிக்கற வேலுத்தம்பி தளவாய் நம்ம தலக்குளத்துக்காரரு. அழகான கட்டடம், மறுக்கல. ஆனா ஒரே ராஜ்ஜியத்தோட ரெண்டு ஆபீஸ், நடுவுல நூறு வருஷத்துக்குச் சொச்சம், ஒண்ணு வெளிய தெரியறதுக்காகக் கட்டுனது, இன்னொண்ணு வெளிய தெரியாம இருக்கறதுக்காகக் கட்டுனது. எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஊர்ப்பாசம்னு சொன்னாலும் செரி.

வர்றதா இருந்தா திங்கக்கெழமை லீவு, அன்னைக்கு வந்து கேட்டப் பாத்துட்டு திரும்பிப் போறவங்க வாரா வாரம் உண்டு. நாகர்கோவில்ல இருந்தும் திருவனந்தபுரத்துல இருந்தும் தக்கலைக்கு பஸ் வந்துக்கிட்டே இருக்கும், எறங்கி ஆட்டோ பிடிச்சா பக்கம்தான். காலையில மொத கூட்டத்தோட போயிருங்க, ஸ்கூல் டூர் பஸ்ஸு வந்துட்டா மந்திரசாலையில அஞ்சு நிமிஷம்கூட நிக்க விடமாட்டாங்க. அந்தப் படி ஏறும்போது தலைய நல்லா குனிஞ்சுக்கிடுங்க, மேல இருக்கற உத்திரத்துல நான் ரெண்டு தடவை நெத்திய இடிச்சிருக்கேன், ரெண்டாவது தடவை இடிச்சப்போ எங்க அப்பா மொதல்ல உத்திரத்தத்தான் தடவிப் பாத்தாரு.